ஈயப் பட்டாளத்து அக்கா

எங்கள் தலைக்கு மேலே ஒரு பட்டாளமே குடியிருந்தது. வாடகை கொடுத்தது என்னவோ கீழே இருந்த நாங்கள்தான். கும்பகோணத்தில் அந்த வீட்டுக்குக் குடிபோன அன்றே வீட்டுக்கார அக்கா என்னை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினார். கூடத்தில் டிவி இல்லை, சோபா இல்லை, உட்கார ஒழுங்கான நாற்காலிகூட இல்லை. நடுவில் ஒரு பிங்பாங் மேஜை, அதன்மேல் பச்சைத் துணி, துணியின்மேல் விரல் உயரத்துக்கு நூற்றுக்கணக்கான ஈயச் சிப்பாய்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. அதற்குள்ளும் அவர்கள்தான், துப்பாக்கியும் ஈட்டியுமாக.

"பேரப் புள்ளைங்களுக்காக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"எனக்குப் புள்ளையே கிடையாது, பேரப் புள்ளைக்கு எங்கடி போறது? எல்லாம் எனக்குத்தான்," என்றார்.

சரி, ஒரு மாதிரியான இடத்தில்தான் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஆனால் அந்த அக்காவை வெறுக்க யாராலும் முடியாது. துபாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். அங்கே கூட வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவரின் வீட்டில் இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டுப் பைத்தியமாகிவிட்டாராம். அவருடைய கணவர் அங்கேயே காலமானார். நகை நட்டையெல்லாம் கைப்பையில் திணித்துக்கொண்டு, இந்தப் பொம்மைகளை மட்டும் பஞ்சு சுற்றிப் பெட்டி பெட்டியாகக் கட்டி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார்.

விளையாட்டு இதுதான். மேஜை போர்க்களம். ஆளுக்கு ஒரு படை. ஒரு முறைக்கு இத்தனை அங்குலம்தான் நகரலாம் என்று கணக்கு உண்டு, டேப் வைத்து அளப்பார்கள். சுட்டது பட்டதா இல்லையா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். கும்பகோணத்தில் இதற்கு யார் ஜோடி கிடைப்பார்கள்? இங்கிலாந்தில் ஒரு பெரியவர் கிடைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அக்கா செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி மேஜையை அவருக்குக் காட்டுவார். அவர் அங்கே பகடை உருட்ட, அக்கா இங்கே அவருடைய ஆட்களை நகர்த்துவார். அந்த மனிதருக்கு எழுபத்தைந்து வயதாவது இருக்கும். அக்காவுக்கு அவர் 'வெள்ளைக்காரத் தம்பி'.

மேஜையில் இருந்தது நம்மூர் வயல்தான். தேங்காய் நாரில் வரப்பு, நீல ரிப்பனில் கொள்ளிடம், துண்டு துண்டாக நடவு வயல்.

"நடவு வயல்ல குதிரை பாதி தூரம்தான் போகும்னு ரூல் போட்டிருக்கேன். தம்பி ஒத்துக்க மாட்டேங்குறாரு. ஒருதரம் வந்து நம்ம சேத்துல கால வெச்சுப் பாக்கச் சொல்லுடி அந்த மனுஷன," என்பார் என்னிடம். ஏதோ நான்தான் தினம் அவரோடு பேசுகிற மாதிரி.

நான் தையல்காரி. என் இஞ்ச் டேப் காணாமல் போனால் தேடவே மாட்டேன், நேரே மாடிக்குப் போவேன். ரவிக்கை தைத்து மிஞ்சின பட்டுப் பிட்டில் அந்தப் படைக்குக் கொடி தைத்துக் கொடுத்திருக்கிறேன். கொடி சுண்டுவிரல் நகமளவு. அதற்கும் ஓரம் மடித்துத் தைக்க வேண்டும் அவருக்கு. மடிக்காமல் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார். என்னிடம் ரவிக்கை தைக்கிற எந்தப் பொம்பளையும் என்னை இவ்வளவு படுத்தியதில்லை.

அக்காவிடம் ஒரு குணம். நல்ல குணமா கெட்ட குணமா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளையாட்டில் அடிபட்ட சிப்பாயை மேஜையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் ஏதோ ஒரு தட்டில் அள்ளிப் போடுவார்களாம். அக்கா மேஜை ஓரத்தில் ஒரு டர்க்கி டவலை மடித்துப் போட்டு, ஒவ்வொருவனையும் மல்லாக்கப் படுக்க வைப்பார். அதற்குப் பெயர் ஆஸ்பத்திரி. முதல் நாள் தெரியாமல், "செத்தவங்களைப் படுக்க வெக்கிற எடமாக்கா?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"என் படையில செத்தவன்னு ஒருத்தன் கிடையாது, மீனா. ஆள் போகல. ரிப்பேர்ல இருக்கான்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய உடைசல்களாகப் பார்த்து இங்கிலாந்திலிருந்து பார்சலில் வரவழைப்பார். தலையில்லாதவன், கையில்லாதவன், குதிரையில்லாமல் காலை அகட்டிக்கொண்டு நிற்கிறவன் என்று ஒரு பெட்டி நிறைய வரும். தலை கழன்றவனுக்குக் கழுத்தில் தீக்குச்சியைச் செருகித் தலையை நிறுத்துவார். காலுக்குக் கம்பி. பழைய ஈயத்துக்கு ஒரு நோய் உண்டு, உடம்பெல்லாம் சாம்பல் பூத்துப் பொடியாக உதிரும். அந்தப் பொடியை வாயால் ஊதித் தள்ளுவார். எதற்குமே தேறாதவர்களை இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் உருக்கி, சுவாமிமலைப் பட்டறையிலிருந்து வாங்கி வந்த வண்டல்மண் அச்சில் ஊற்றிப் புது ஆளாக்குவார். அப்புறம் பெயிண்ட். பிரஷ் நுனி கூராக இருக்க வேண்டும் என்று உதட்டில் வைத்து இழுத்துக்கொள்வார். எந்நேரமும் உதட்டோரத்தில் சிவப்போ நீலமோ ஒரு பொட்டு இருக்கும். ஜன்னலை மட்டும் திறக்க விடமாட்டார். காற்றடித்தால் வரிசை கலைந்துவிடுமாம். அந்தக் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே எனக்குத் தலை வலிக்கும்.

இந்தக் குணத்தால் ஊரில் அவருக்கு நல்ல பேர்தான். திருப்பனந்தாள் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, குத்தகைக்கு விட்டிருந்தார். ஒரு வருஷம் ஐப்பசி மழையில் சம்பா நடவு மொத்தமும் முழுகிவிட்டது. குத்தகைக்காரர் வந்து வாசலில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாம் அழுகிப் போச்சுங்கம்மா. மறுபடி நாத்து விடவும் பருவமில்ல."

அக்கா ஆட்டோ பிடித்து நேரே வயலுக்குப் போனார். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒரு குத்தைப் பிடுங்கி, வேரைக் கழுவி, குத்தகைக்காரர் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "வேரு வெள்ளையா இருக்குல்ல? பயிர் எங்கய்யா போச்சு? வடிகால அடைச்சுக்கிட்டு ஆகாயத்தாமரை கெடக்கு, அத எடுக்க ஒனக்கு ஒடம்பு வணங்கல." ஆளை வைத்து வடிகாலைத் திறந்து, தண்ணீர் இறங்கும் வரை கரையிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயிர் பச்சை கட்டியது. தையில் அறுத்தார்கள். அன்றிலிருந்து அந்த ஆள், "எங்கம்மா சொன்னா பொணங்கூட எழுந்து ஒக்காரும்," என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லோரும் சிரித்தோம்.

சிரிக்க முடியாமல் போனது அக்காவின் கூடப்பிறந்த தம்பி வந்த அன்றைக்குத்தான். சீர்காழியிலிருந்து வந்திருந்தார். அக்காவின் கணவருக்குத் திதி கொடுக்க ஐயரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாடியில் பேசியது கீழே எனக்கு நன்றாகவே கேட்டது.

"யாருக்குடா திதி?"

"என்னக்கா இது, அத்தானுக்குத்தான்."

"திதி போனவங்களுக்குக் குடுக்கறது."

அவ்வளவுதான் பேச்சு. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்து, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா," என்றார். நான் என்னத்தைச் சொல்ல? அக்கா நெற்றியில் குங்குமம் வைப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெண்டைக்காய் கொண்டுபோய்க் கொடுத்தால், "அவருக்கு ஆகாதுடி," என்று ஒதுக்கி வைப்பதையும் கேட்டிருக்கிறேன். மனசு ஆறாமல் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் குரலில் துக்கமே இல்லை. டவலில் படுக்க வைத்த சிப்பாயைப் பற்றிச் சொல்லும் அதே குரல். எனக்கு முதல் தடவையாக அவரிடம் பயம் வந்தது.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் ஓடி ஓடி அவரிடம்தான் போனோம். என் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நடந்த வருஷம், என் ஈயச் சொம்பு உருகிவிட்டது. என் அம்மா எனக்குச் சீராகக் கொடுத்த சொம்பு. எங்கள் வீட்டில் ரசம் என்றால் அதில் வைத்தால்தான் ரசம். வெள்ளீயத்தில் செய்தது, புளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும், வெறுமனே ஏற்றினால் நிமிஷத்தில் இளகிவிடும். கல்யாண வீட்டுக் களேபரத்தில் யாரோ போன் செய்ய, பேசிக்கொண்டே வெறும் சொம்பை ஏற்றிவிட்டேன். அடியில் ஓட்டை. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

"கடைத்தெருவுல தொங்குது, புதுசு வாங்கிக்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒங்கம்மாவையும் கடைத்தெருவுல புதுசா வாங்கிக்குவீங்களா?" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அழுகைச் சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்தார். சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போனவர் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார். அடி முழுசாக இருந்தது. தடவிப் பார்த்தால்கூட எங்கே ஒட்டியது என்று தெரியவில்லை.

"என்னத்தக்கா வெச்சு அடைச்சீங்க?"

"தேறாத ஆளுங்க நாலு பேர உருக்கி ஊத்தினேன். இதுக்குப் போயி அழுவியா? சொம்பு எங்கயும் போகலடி."

அவர் காலில் விழாத குறை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? தெருவெல்லாம் சொன்னேன். அப்புறம் ஒருத்தி மாற்றி ஒருத்தி ஓட்டைச் சொம்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்கள். ஒருவரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கவில்லை. அவர் அடைத்துக் கொடுத்த சொம்புகள் சில, பெண்ணுக்குச் சீராக மன்னார்குடிக்கும் சீர்காழிக்கும்கூடப் போயின.

கவிதாவின் புருஷனுக்குக் கத்தாரில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், போவார். அதனால் அவள் பெரும்பாலும் எங்களோடுதான் இருந்தாள். முதலில் உண்டானது மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது, ஐந்தாம் மாதத்தில். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் சாப்பிடவில்லை, பேசவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். வந்த உறவுக்காரர்கள் ஜாதகம், தோஷம், பரிகாரம் என்று ஆளாளுக்கு அளந்தார்கள். ஒருத்தியை நான் வாசலைக் காட்டி அனுப்பியே விட்டேன்.

அக்கா மட்டும் ஒன்றும் அளக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "போகலடி கண்ணு. அவன் எங்கயும் போகல," என்றார். கவிதா அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அன்றைக்குத்தான் தூங்கினாள். சாமியே அக்கா ரூபத்தில் மாடியில் குடியிருக்கிறது என்று நான் மூக்கைச் சிந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கசந்த வாய்க்கு நல்லது என்று மிளகு ரசம் வைத்து, அவள் எழுந்ததும் கொண்டுவந்து கொடுத்தேன்.

மூன்றாவது தங்கியது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. இது நிற்க வேண்டும், இது பிறக்க வேண்டும், அவ்வளவுதான். கவிதா மாடிப்படியைக்கூட எண்ணி எண்ணி ஏறுவாள். சோறு இறங்காது, ரசம் மட்டும் டம்ளர் டம்ளராகக் கேட்பாள். ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். முதல் வளையல் போட அக்கா வந்து நின்றார். கூடியிருந்த பெண்களுக்குள் குசுகுசுப்பு. என் நாத்தனார் என் முழங்கையைக் கிள்ளினாள். கவிதாவோ, "பெரியம்மா போடட்டும்," என்று கையை நீட்டிவிட்டாள். அக்கா வளையலை எடுத்தார். எடுத்த கை நிற்கவில்லை. மணிக்கட்டு தொங்கிப்போய் வளையல் கீழே விழுந்து உடைந்தது.

நான்தான் சிரித்து மழுப்பி வேறு வளையலை எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் போட்டுவிட்டார்.

கொஞ்ச நாளாகவே அவருக்கு உடம்பு சரியில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். முகம் வெளுத்துவிட்டது. சிரித்தால் பல் ஈறில் கருநீலமாக ஒரு கோடு தெரியும். பெயிண்ட் என்றுதான் நினைத்தேன். வலது கை மணிக்கட்டு நிமிரவே இல்லை. டாக்டரைப் பாருங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். மனுஷி கேட்டால்தானே? மர ஸ்கேல் ஒன்றைக் கையோடு வைத்து, என்னிடம் வாங்கின எலாஸ்டிக்கால் சுற்றிக் கட்டிக்கொண்டு பெயிண்ட் அடித்தார்.

"கை எங்கடி போச்சு? இங்கதான இருக்கு," என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் சுண்டல் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சும்மா வருகிறேன் என்று கவிதாவும் மெதுவாகப் படியேறி வந்தாள். போனில் வெள்ளைக்காரத் தம்பி. அக்கா ஸ்கேல் கட்டிய கையை நீட்டி ஒரு குதிரை வீரனை நகர்த்தினார். போனில் அந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம் ஏதோ கேட்டார், திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் அவ்வளவு வேகமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அக்கா சட்டென்று சத்தத்தை அமுக்கிவிட்டார். திரையில் அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்னடி சொல்றாரு?" என்று கவிதாவைக் கேட்டேன்.

"வீட்டுக்குள்ளயே ஈயத்த உருக்குறீங்களா, ப்ளட் டெஸ்ட் எடுத்தீங்களான்னு கேக்குறாரும்மா. அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இதே மாதிரிதான் கை தொங்கிச்சாம். விஷமாம் அது."

"தோக்கப் போறாரு, அதான் ஆட்டத்தக் கலைக்கிறாரு," என்றார் அக்கா.

கவிதா சிரிக்கவில்லை. "பெரியம்மா, எங்க வீட்டுச் சொம்ப எத வெச்சு அடைச்சீங்க?"

அக்காவுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "அவங்க சிப்பாய்ங்களத்தாண்டி. நாலு பேர உருக்கி ஊத்தினாங்கள்ல?" ஏதோ பெருமையைச் சொல்வதுபோல் சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே கவிதாவின் இரண்டு கையும் வயிற்றுக்குப் போய்விட்டன.

"ஒரு பொட்டு ஈயம்டி அது," என்றார் அக்கா. "நான் இருபது வருஷமா பிரஷ்ஷ நாக்குல வெக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?"

நானும் கவிதாவும் அந்த ஸ்கேல் கட்டிய கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தஞ்சாவூரில் டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். சொம்பு வெள்ளீயம், அதனால் கெடுதல் இல்லை. பொம்மை காரீயம், அது விஷம். அதன்மேல் புளியை ஊற்றித் தினமும் கொதிக்க வைத்தால் கரைந்து ரசத்தில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. எங்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்தார்கள். என் ரத்தத்திலும் இருந்தது, என் வீட்டுக்காரர் ரத்தத்திலும் இருந்தது. கவிதாவின் ரத்தத்தில்தான் அதிகம்.

"கொழந்தைக்கு?" என்று கேட்டேன்.

"அம்மா ரத்தத்துல இருக்கறது கொழந்தைக்கும் போகும்மா. எவ்வளவு பாதிக்கும்னு இப்ப சொல்ல முடியாது. சொம்ப மொதல்ல நிறுத்துங்க. மாத்திரை தரேன். அந்த அம்மாவ ஒடனே கூட்டிக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மிக்குழவியைத் தூக்கி அந்தச் சொம்பின்மேல் போட்டேன். அம்மா கொடுத்த சொம்பு, இரண்டாவது அடியிலேயே தட்டையாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய் அவர் மேஜைமேல் வீசினேன். வரிசையாக நின்றதெல்லாம் சரிந்தன.

"பாவி! என் பொண்ணு வயித்துலயாக்கா ஒன் பட்டாளத்தக் கொண்டு போயி எறக்கணும்? ஒன்ன சாமின்னு நெனச்சேனே!" ஒருமையில் பேசிவிட்டேன். இன்னும் என்னென்னவோ பேசினேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. சரிந்தவர்களை இடது கையால் ஒவ்வொருவராக நிமிர்த்திக்கொண்டே, "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது மீனா," என்றார். "இதுல நெளிவ எடுத்துட்டு, சுத்தமான வெள்ளீயம் போட்டுத் தரேன். நாளைக்கே தரேன்."

இதைக் கேட்டபோது ஆத்திரத்தோடு பயமும் வந்தது. அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

அதற்கப்புறம் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். அக்கா அடைத்த சொம்பில் ரசம் வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். சிலர் பயந்துபோய் எடுத்துக் கொடுத்தார்கள். சிலர், எப்பவோ எடைக்குப் போட்டாச்சு என்று கண்ணைப் பார்க்காமல் சொன்னார்கள். ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "நீதான அந்தக்கா கைராசின்னு சொல்லி என்ன அனுப்பிச்ச? இப்ப வீட்டுக்காரம்மாவோட சண்டைன்னா அதுக்கு என் மாமியா சொம்பையா ஒடைக்கணும்?" வெளியூருக்குச் சீராகப் போனவற்றை எங்கே போய்த் தேடுவது? இன்றைக்கும் எந்த வீட்டு அடுப்பில் எது கொதிக்கிறதோ, எனக்குத் தெரியாது. சாயங்காலத்தில் தெருவில் ரச வாசனை வந்தால் நான் கதவைச் சாத்திவிடுகிறேன்.

குழந்தை பிறந்தது. பெண். சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள், எடை குறைவு, அழுவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். அழுதாள். அந்தச் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அதுவே போதும் என்றிருந்தது. காது, பேச்சு, புத்தி எல்லாம் வளர வளரத்தான் பார்க்க முடியும் என்றார் டாக்டரம்மா. இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள், என் இஞ்ச் டேப்பை இழுத்துக்கொண்டு திரிகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் திரும்புவாள், சில நாள் திரும்ப மாட்டாள். 'அம்மா' என்று இன்னும் சொல்லவில்லை. நாங்கள் தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறோம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த குழந்தையை அக்கா பார்க்க நான் விடவில்லை. கவிதா எவ்வளவோ சொன்னாள். முடியவே முடியாது என்றுவிட்டேன். குழந்தை அழும்போதெல்லாம் அவர் மாடிப்படியில் வந்து நிற்பார். பாதிப் படிக்குமேல் இறங்க மாட்டார். அழுகை நின்றதும் திரும்பி ஏறிப் போய்விடுவார். அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வரலாமா என்றும் இருக்கும். என்ன செய்ய, மனசு அப்படி.

கடைசியில் தம்பி வந்து வைத்தியத்துக்காகச் சீர்காழிக்கு அழைத்துப் போனார். அந்த வருஷமே அக்கா போய்விட்டார். 'போய்விட்டார்' என்று எழுதினது தெரிந்தால் சண்டைக்கு வருவார்.

கிளம்பின அன்றைக்கு நான் வாசல் கேட்டோரம் நின்றிருந்தேன். பேசுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தம்பி பையை எல்லாம் காரில் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா படியிறங்கி வந்தார். இரண்டு மணிக்கட்டும் தொங்கிப்போயிருந்தன. கார் பக்கம் போனவர் திரும்பி என்னிடம் வந்தார். தம்பிக்குக் கேட்காதபடி மெதுவாகப் பேசினார்.

"மீனா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தச் சொம்ப நான் அடைச்சுக் குடுத்தது கவிதாவோட கல்யாணத்தப்பதான?"

"ஆமா."

"அப்ப மொத ரெண்டுக்கும்? அந்தச் சொம்புலதான் ரசம் வெச்சியா?"

அந்த இரண்டையும் இதோடு நான் சேர்த்து நினைத்ததே இல்லை. டாக்டரம்மாவும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் ஒன்று, ஐந்தாம் மாதம் ஒன்று. இரண்டு தடவையும் அவள் உண்டாகியிருந்தபோதும், போன பிறகு கட்டிலில் கிடந்தபோதும் டம்ளரை வாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தது இந்தக் கைதான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "ஆமாக்கா," என்றேன்.

அக்கா ஏதாவது சொல்லுவார் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வழக்கம்போல 'எங்கயும் போகலடி' என்றாவது சொல்ல மாட்டாரா என்றிருந்தது. அவர் திரும்பிக் காரை நோக்கி நடந்தார். தம்பி கதவைத் திறந்துவிட, ஏறி உட்கார்ந்தார். கார் தெருமுனை திரும்பிப் போயிற்று.

உள்ளே கவிதா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா போறப்ப என்னம்மா சொன்னாங்க?"

"கொழந்தையப் பத்திரமா பாத்துக்கச் சொன்னாங்க," என்றேன்.